பிள்ளைகளை எப்படி அழைப்பது?



பள்ளிக்கூடங்கள் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்ட நேரம். தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் தெரிந்த ஒரு வீட்டிற்கு மஃரிபுக்குப் பிறகு சென்றிருந்தேன். அந்த வீட்டு உம்மா நடையிலேயே நின்று, "ஹஜ்ரத், பையன் மூணு நாளா பள்ளிக்கூடம் போக மாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்கள்.

பையன் எட்டாம் வகுப்பு. மெல்லிய குரல். குர்ஆன் ஓதுவதில் கெட்டிக்காரன். பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாக விசாரித்தேன். முதலில் வயிற்று வலி என்றான், பிறகு தலைவலி என்றான். கடைசியில்தான் விஷயம் வந்தது. புதிதாக வந்த வகுப்பாசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டும். அத்துடன், தன்னைப் பற்றிப் பிறர் பேசும்போது ‘அவன்’ என்று சொல்ல வேண்டுமா, ‘அவள்’ என்று சொல்ல வேண்டுமா, ‘அவர்’ என்று சொல்ல வேண்டுமா என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிகளில் இப்படிக் கேட்பதாக அவர் படித்திருக்கிறார். எந்தப் பிள்ளையும் மனம் வாடக்கூடாது என்பதே அவர் எண்ணம்.

ஆனால் நம் பையனின் முறை வருவதற்கு முன்பே பின் வரிசையில் சிரிப்பு எழுந்துவிட்டது. அவனுடைய குரலை வைத்து ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் வகுப்பில் உலவிக்கொண்டிருந்தது.

"நான் ‘அவன்’னுதான் சொன்னேன் ஹஜ்ரத். அப்பவும் சிரிச்சாங்க."

இதைச் சொல்லிவிட்டுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல எண்ணத்தோடு கேட்கப்பட்ட கேள்வி ஒரு பிள்ளையை வகுப்பை விட்டே விரட்டியது எப்படி? ஒரு மனிதரை அழைப்பது பற்றி நம் மார்க்கம் கற்பிக்கும் அதபு என்ன? இம்மாதப் பாடத்தில் இதைப் படிப்போம்.

கேள்வி எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஆணாயின் ‘ஹீ’ என்றும் பெண்ணாயின் ‘ஷீ’ என்றும் சொல்லியாக வேண்டும். மரியாதைக்கென்று நம் ‘அவர்’ போல வேறு ஒரு சொல் அம்மொழியில் இல்லை. பிறந்தபோது பதியப்பட்ட பாலுக்கு மாறாகத் தம்மை உணர்கிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று முள்ளாகக் குத்துகிறது. இரண்டும் வேண்டாம் என்போர் ‘தே’ என்ற பன்மைச் சொல்லைக் கேட்கிறார்கள். ஆகவே ஆசிரியர் முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம், 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் பரவியது.

அங்கும் இது வழக்கில் முடிந்ததுண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட் என்னும் ஊரில் பிரெஞ்சு மொழி கற்பித்த ஓர் ஆசிரியர் 2018 டிசம்பரில் வேலை நீக்கம் செய்யப்பட்டார். பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாகத் தம்மை அறிவித்த மாணவரை, அவர் விரும்பிய புதிய பெயராலேயே அழைக்க ஆசிரியர் இணங்கினார். ஆண்பால் சொல்லை மட்டும் தம் சமய நம்பிக்கையின் காரணமாகச் சொல்ல மறுத்தார். அவர் வழக்கை விசாரிக்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2024-இல் பள்ளி நிர்வாகம் 5,75,000 டாலர் தர இணங்கிச் சமரசம் செய்துகொண்டது. ஓரசைச் சொல் ஒன்றிற்காக ஆறு ஆண்டுகள்! அந்த மாணவருக்கும் நிம்மதி இல்லை, ஆசிரியருக்கும் நிம்மதி இல்லை.

நம் மொழியின் நிலை என்ன?

அங்குள்ள கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதற்கு முன் நம் மொழியைச் சற்றுப் பார்க்க வேண்டும். தமிழில் ‘நான்’ என்பதில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றிலும் இல்லை. அரபு மொழியிலோ எதிரில் நிற்பவரை அழைக்கும்போதே ஆணுக்கு ‘அன்த்த’, பெண்ணுக்கு ‘அன்த்தி’ என்று பிரிந்துவிடும். தமிழில் படர்க்கையில்தான், அதாவது ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான், ‘அவன்’, ‘அவள்’ என்ற பிரிவு வருகிறது. அங்கும் ‘அவர்’ என்று சொல்லிவிட்டால் பிரிவு மறைந்துவிடுகிறது. ‘அவர் வந்தார்’ என்பதில் வந்தவர் ஆணா பெண்ணா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. இருப்பது மரியாதை மட்டுமே.

நம் இலக்கண ஆசிரியர்களும் இப்பிரச்சினையைக் கண்டவர்களே. பேடு எனப்பட்டோரைக் குறிக்கும் சொல்லுக்குத் தனி விகுதி இல்லை, அது உயர்திணை விகுதிகளையே பெறும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வரையறுக்கிறது. அதாவது அவர்கள் மனிதர்களே என்று மொழி தீர்ப்பளித்துவிட்டது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், பெண்மையை விட்டு ஆண்மையை நாடுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை நாடுவோரைப் பெண்பாலாகவும் சொல்லலாம் என்றார். ஆனால் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று கூடவே ஒரு வாசலைத் திறந்து வைத்தார். அந்த வாசல் வழியாக வந்ததுதான் தெருவில் இன்றும் நாம் கேட்கும் ‘அது’, ‘இது’ என்னும் ஏச்சு. ஆதமுடைய மக்களைத் தான் கண்ணியப்படுத்தியதாக அல்லாஹ் திருமறையில் (17:70) அறிவித்திருக்க, ஒரு மனிதரை ‘அது’ என்று சொல்ல எந்த முஸ்லிமின் நாவுக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வகுப்பறைகளில் பிள்ளைகளைக் குத்துவது பெரும்பாலும் ‘அவன்’, ‘அவள்’ அல்ல. ‘வாடா’, ‘போடி’ என்பதும், பட்டப்பெயரும், "பொம்பள மாதிரி நடக்காதே" என்ற அதட்டலும்தான். ஆசிரியர் முதலில் தம் நாவைத் திருத்திக்கொண்டால் கேள்வியின் பாதி பாரம் குறைந்துவிடும்.

நம் நாட்டில் நடந்தவை

தமிழக அரசு 2008-இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. ‘திருநங்கை’ என்ற கண்ணியமான சொல்லும் அக்காலத்திலேயே பரவலாக வழக்கில் வந்தது. அதற்கு முன் வழங்கிய சொற்களை இங்கே எழுதவும் கை கூசுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத ‘மற்றவர்’ எனப் பதிவானோர் இந்தியா முழுவதும் 4,87,803 பேர். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களின் பாலின அடையாளத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை பள்ளிகளையும் தொட்டது. விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்பவற்றுடன் மூன்றாவது கட்டம் வேண்டும், கல்விச் சான்றுகளில் பெயரையும் பாலையும் மாற்ற வழி வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் வழி காட்டப்பட்டது. சிகிச்சை என்ற பெயரில் இவர்களை ‘மாற்ற’ முயல்வதற்கும் தடை விதிக்கப்பட்டது. இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இவர்களைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. அதே 2021-ஆம் ஆண்டின் நவம்பரில், மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.ஈ.ஆர்.டி. ஆசிரியர்களுக்கென வெளியிட்ட கையேடு ஒன்று, எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. இந்த விஷயத்தில் நாடு இன்னும் ஒரு மனதாக இல்லை என்பதற்கு இது சான்று.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே கேள்வி வேறு பக்கத்திலிருந்து புறப்பட்டது. ‘சார்’, ‘மேடம்’ என்று பால் பிரித்து அழைக்க வேண்டாம், எல்லா ஆசிரியர்களையும் ‘டீச்சர்’ என்றே அழைக்கலாம் என்று அம்மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023 ஜனவரியில் சொன்னது. யாரையும் எழுப்பி நிறுத்தி விசாரிக்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதைச் சொல்லைக் கொடுப்பது என்ற இந்த வழி நாம் யோசிக்கத் தக்கது.

திருமறையும் ஸுன்னத்தும்

இனி நம் பாடத்தின் உயிரான பகுதிக்கு வருவோம். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனம் மூன்று காரியங்களைத் தடுக்கிறது. ஒன்று பரிகாசம். இரண்டு குத்திக்காட்டுவது. மூன்று பட்டப்பெயர் சூட்டி அழைப்பது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரை விட மேலானவராக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

பட்டப்பெயர் பற்றிய அப்பகுதி இறங்கிய வரலாறு அபூதாவூத், திர்மிதீ முதலிய ஹதீஸ் கிரந்தங்களில் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பனூ ஸலிமா குடும்பத்தாரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவரை அதில் ஒரு பெயரால் நாயகம் (ஸல்) அவர்கள் அழைக்கும்போது, ‘யா ரஸூலல்லாஹ், அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்’ என்று மக்கள் சொன்னார்கள். அதையொட்டியே இவ்வசனம் இறங்கியது. இதில் அளவுகோல் எது என்று பாருங்கள். அழைப்பவருக்கு எது வசதி என்பதல்ல. அழைக்கப்படுபவருக்கு எது வலிக்கிறது என்பதே.

நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் படிப்போம்.

ஒன்று: அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி ஒரு குருவி வளர்த்து வந்தார். அந்தச் சிறு பிள்ளையை நாயகம் (ஸல்) அவர்கள் பெரியவர்களை அழைப்பது போல ‘அபூ உமைர்’ என்று அழைத்து, குருவியைப் பற்றி நலம் விசாரித்தார்கள். பிள்ளைதானே என்று மரியாதையைக் குறைக்கவில்லை.

இரண்டு: உமர் (ரலி) அவர்களின் மகளாருக்கு ‘மாறு செய்பவள்’ என்ற பொருள்படும் ‘ஆஸியா’ என்ற பெயர் இருந்தது. (நம் வீடுகளில் பிர்அவ்னுடைய மனைவியாரின் நினைவாக வைக்கும் ஆசியா என்ற பெயர் வேறு. அரபு எழுத்தே வேறு.) நாயகம் (ஸல்) அவர்கள் அதை ‘ஜமீலா’ என்று மாற்றினார்கள். வலிக்கும் பெயரை மாற்றலாம் என்பதற்கு இது ஆதாரம்.

மூன்று: ஸயீத் இப்னு முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாரின் பெயர் ‘ஹஸ்ன்’. கரடுமுரடு என்று பொருள். ‘ஸஹ்ல்’, அதாவது இலகு, என்று மாற்றிக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடுமை தம் குடும்பத்தில் நிலைத்துவிட்டது என்று பேரர் பிற்காலத்தில் வருந்தினார். ஆனாலும் அன்று நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அல்லாஹ்வின் தூதரே ஒரு மனிதரின் பெயர் விஷயத்தில் வற்புறுத்தவில்லை என்றால், நாம் யார்?

பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரைத் தனித்துக் காட்டுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தவிர்த்தார்கள். யாரிடமாவது குறை கண்டால் பெயர் சொல்லாமல், ‘சிலர் இப்படிச் செய்கிறார்களே’ என்று பொதுவாகப் பேசுவார்கள். நம் பையனுக்கு வகுப்பில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு.

ஃபிக்ஹு கிதாபுகள் சொல்வது

"மார்க்கத்தில் ஆண், பெண் தவிர வேறு பேச்சே இல்லையே" என்று சிலர் கேட்கலாம். ஆணா பெண்ணா என்று உடலால் தெளிவாகாதவரை நம் இமாம்கள் ‘குன்ஸா முஷ்கில்’ என்று அழைத்தார்கள். ஹனஃபீ மத்ஹபின் குதூரியிலும் ஹிதாயாவிலும் இவர்களுக்கென்றே தனிப் பாடம் உண்டு. தொழுகை வரிசையில் எங்கே நிற்பது, வாரிசுப் பங்கு எவ்வளவு, மய்யித்தை எப்படிக் குளிப்பாட்டுவது என்றெல்லாம் அதில் பேசப்படுகிறது. அவர்களை ஜமாஅத்தை விட்டு விலக்கவில்லை. வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

பேச்சிலும் நடையிலும் பெண் சாயல் கொண்ட ஆண்களைப் பற்றி, ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் இரு வகையாகப் பிரித்து விளக்கியுள்ளார்கள். இயல்பிலேயே அப்படிப் படைக்கப்பட்டவர் மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை. வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்வதையே ஹதீஸ்கள் கண்டிக்கின்றன. நம் பையனின் குரல் அவன் தேர்ந்தெடுத்ததா? அல்லாஹ் கொடுத்த குரலைப் பரிகசிப்பது யாரைப் பரிகசிப்பது என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டாமா?

"மரியாதையாக அழைத்தால் எல்லாவற்றையும் ஆகுமாக்கியதாக ஆகாதா?" என்பது பெற்றோர் பலரின் அச்சம். ஆகாது. ஆடை, தொழுகை, நிக்காஹ், சிகிச்சை ஆகியவற்றின் சட்டங்கள் தனி. அவற்றைத் தகுதியுள்ள ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டறிய வேண்டும். நாவின் சட்டம் வேறு. சட்டம் தெரியாத விஷயத்திலும் நாவைக் காப்பது நம் மீது கடமை.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆசிரியர்கள், பள்ளியிலாயினும் மதரஸாவிலாயினும், எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லியே அழைக்கட்டும். பிறரைப் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் ‘அவர்’ போதும். ஒரு பிள்ளைக்கு மட்டும் ‘அவர்’, மற்றவர்களுக்கு ‘அவன்’, ‘அவள்’ என்றால் அந்தப் பிள்ளையை விரல் நீட்டிக் காட்டியது போலாகும்.

2. எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, அதன் பாலைப் பற்றி வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டாம். சொல்ல விரும்பாத பிள்ளை பொய் சொல்ல நேரும். சொல்கிற பிள்ளை சிரிப்புக்கு ஆளாகும்.

3. ஒரு பிள்ளை தானாகவே தனியே வந்து மனதைத் திறந்தால் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டதை ஊரெல்லாம் பரப்ப வேண்டாம். ஒரு முஸ்லிமின் மறைவைக் காப்பவரின் மறைவை அல்லாஹ் காக்கிறான்.

4. வாப்பாமார்களே, உம்மாமார்களே! பிள்ளையின் குரலுக்காகவும் நடைக்காகவும் அடிக்காதீர்கள். வீட்டை விட்டு விரட்டாதீர்கள். விரட்டப்பட்ட பிள்ளைக்குத் தெருதான் மிஞ்சும். அதற்கு அல்லாஹ்விடம் நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

5. உங்கள் பிள்ளை வகுப்பில் யாருக்காவது பட்டப்பெயர் வைத்திருக்கிறதா என்று இன்றிரவே கேளுங்கள். நம் பிள்ளை சிரிக்கப்படுகிறதா என்று கேட்கும் நாம், நம் பிள்ளை சிரிக்கிறதா என்று கேட்பதில்லை.

குத்துக்கல்வலசைப் பையனின் கதையை முடித்துவிடுகிறேன். அவனுடைய வாப்பாவும் நானும் மறுநாள் அந்த ஆசிரியரைத் தனியே சந்தித்தோம். நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "நல்லதுன்னு நினைச்சுத்தான் பாய் கேட்டேன்" என்றார். பனூ ஸலிமா வரலாற்றை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தாமே ஒரு வழி கண்டார். அடுத்த வாரம் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து இரண்டே கேள்விகள் கேட்டார். ‘உன்னை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும்? எந்தப் பெயரால் அழைத்தால் உனக்கு வலிக்கும்?’ மடித்துக் கொடுத்ததை அவர் மட்டும் படித்தார்.

காகிதங்களைப் படித்து முடித்த ஆசிரியர் பையனின் வாப்பாவிடம் சொன்ன செய்தி எனக்கும் எட்டியது. வலிக்கும் பெயர் இல்லை என்று எழுதிய பிள்ளைகள் மிகச் சிலரே. கறுப்பு நிறத்திற்கு ஒரு பெயர், குண்டு உடம்புக்கு ஒரு பெயர், வாப்பாவின் தொழிலுக்கு ஒரு பெயர். பின் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களிடமும் ஆளுக்கொரு முள் இருந்தது. அன்று முதல் அந்த வகுப்பில் பட்டப்பெயர் கூடாது என்பது சட்டமானது. பையன் மறுபடியும் பள்ளிக்குப் போகிறான். சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சிரிப்பவனைப் பார்த்து "விடுப்பா" என்று சொல்ல வகுப்பில் ஆள் இருக்கிறது.

வீட்டில் கூடிப் படிக்க:

1. பட்டப்பெயர் பற்றிய வசனம் இறங்கிய காரணம் என்ன?

2. ‘ஆஸியா’ என்ற பெயர் மாற்றப்பட்டது, ‘ஹஸ்ன்’ என்ற பெயர் மாற்றப்படவில்லை. இவ்விரண்டிலிருந்தும் என்ன விளங்குகிறது?

3. நம் வீட்டில் யாரையாவது அவருக்குப் பிடிக்காத பெயரால் அழைக்கிறோமா? இன்றே அதை விட முடியுமா?

நம் நாவுகளைப் பிறர் மனம் நோகாமல் காத்து, நம் பிள்ளைகள் அனைவரையும் கண்ணியத்தோடு வாழச் செய்ய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.